முள் மூன்றில் நின்றது

ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பைப் ஃபிட்டராக இருந்தேன். ஒருநாள் காலையில் ஆபீஸ் வாசலில் ஒரே சத்தம். தொழிலாளர் வீட்டு வரிசைகளில் மேல் லைனில் இருக்கும் ஸ்டெல்லா, பிறந்து ஒரு மாதமே ஆன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம் மல்லுக்கு நின்றாள்.

“பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு ரெண்டு நாளா தண்ணி இல்லாம தவிக்கிறோம் ஐயா!”

கிராணி சுவரில் இருந்த பிரஷர் மீட்டரைக் காட்டினார். “மூணு பார் நிக்குதுலா. தொட்டி ஃபுல். உங்காளுங்கதான் பைப்ப உடைச்சிருப்பாங்க.” என் பக்கம் திரும்பினார். “அண்ணே, மேல் லைன் வால்வ மூடிருங்க. யார் உடைச்சாங்கன்னு சொன்னப்புறம் தொறக்கலாம்.”

எனக்குச் சுருக்கென்றது. கைப்பிள்ளைக்காரி வீட்டுத் தண்ணீரை நான் போய் மூடுவதா?

அந்த மீட்டர் முதலில் மலைமேல் தொட்டியடியில் இருந்தது. மழை நாளில் ஏறினால் தொடை வரைக்கும் அட்டை. அதனால் புண்ணியவான் யாரோ கீழே ஆபீஸ் சுவருக்குக் கொண்டுவந்துவிட்டார். சௌகரியம்தான். ஆனால் அது இப்போது எதை அளக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை.

கிராணிக்குக் கணக்கைச் சொன்னேன்: பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். தொட்டியின் தரை ஆபீஸுக்கு முப்பது மீட்டர் மேலே. தொட்டி காய்ந்து கிடந்தாலும் பைப்பில் நிற்கும் தண்ணீரே மூன்று பார் காட்டும். தொட்டியோ ஓர் ஆள் உயரம். அது நிறைந்தால் முள் இன்னும் ஒரு நூல் நகரும், அவ்வளவுதான்.

“அப்ப மீட்டர் கெட்டுப்போச்சா?” என்றார் கிராணி.

“மீட்டர் நல்லாத்தான் இருக்கு. அது மலைய அளக்குது, தொட்டிய இல்ல. வாங்க, ஏறிப் பாத்துட்டு வந்துருவோம்.”

முனகிக்கொண்டே வந்தார். அட்டை இருவரையும் விடவில்லை. மூடியைத் திறந்தால் தரையோடு ஒட்டிக் கொஞ்சம் தண்ணீர். ஆபீஸ் மீட்டர் மாட்டிய கீழ் லைன் பைப் தரையிலிருந்து போகிறது, மேல் லைன் பைப் ஒரு சாண் மேலே. முதலில் காய்வது மேல் லைன்காரர்கள்தான். ஓடையில் தண்ணீர் எடுக்கும் இடத்து வலையில் மழைச்சேறும் இலையும் அப்பிக் கிடந்தன. இருவருமாக வாரிப் போட்டோம்.

மத்தியானம் மேல் லைனில் தண்ணீர் வந்தது. கிராணியே ஸ்டெல்லா வீட்டுக்குப் போனார். “மன்னிச்சிரும்மா, மீட்டர நம்பிட்டேன்.”

அவள் வாளியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “முள்ளு சொன்னா நம்புறீங்க. நான் வந்து வாயால சொன்னேனே ஐயா?”



மறுவாரம் மீட்டரைத் தொட்டியடிக்கே கொண்டுபோய் மாட்டினேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்பதற்கு முன்னால் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதற்கும் முன்னால், தண்ணீர் இல்லை என்று வந்து நிற்பவர் வீட்டுக் குழாயைத் திறந்து பாருங்கள்.