வாயை மணந்து பார்த்த மூன்று நாள்

ஒரு மாலை, கொக்குவிலில் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற முடியாமல் என் கணவர் தடுமாறினார். என்னவென்று கேட்டேன். பதில் குழறியது.

பதினெட்டு வருடம் குடித்தவர். சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகும் நோய்) என்று தெரிந்த அன்று நிறுத்தினார். பதினொரு மாதமாகத் தொடவில்லை. நிறுத்தியபோது வைத்தியர் எனக்கு ஒரு சொல்லைத் தந்திருந்தார்: மீள்வீழ்ச்சி (விட்ட பழக்கத்தில் மறுபடி விழுதல்). ஊரில் 'திரும்பத் தொடங்கிட்டான்' என்பார்கள். எதை என்று யாரும் கேட்பதில்லை.

அந்தச் சொல் காதில் விழுந்ததிலிருந்து நான் அவருடைய சட்டைகளை மூக்கில் வைத்து மணந்தேன். மருதனார்மடச் சந்தைக்குப் போனவர் அரைமணி பிந்தினால், யாரோடு நின்றார் என்று விசாரித்தேன். அன்று வாசலிலும் அதைத்தான் கேட்டேன்.

"குடிச்சனீங்களோ?"

"இல்லையப்பா."

வாயை மணந்தேன். சாராய நெடி இல்லை. மெல்லிய, இனித்த வாடை ஒன்று இருந்தது. ஏலக்காய் மென்று மறைத்திருக்கிறார் என்று முடிவுசெய்தேன்.

மறுநாள் பகல் முழுக்கத் தூங்கினார். இணுவிலிலிருந்து வந்த அவருடைய அண்ணை எட்டிப் பார்த்தார். "உவன் திரும்பத் தொடங்கிட்டான். கிடந்து தெளியட்டும்" என்றார். நானும் அறைக் கதவைச் சாத்தினேன்.

மூன்றாம் நாள் காலை என்னை யாரென்று கேட்டார். ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

இரத்தப் பரிசோதனை முடிவோடு வந்த பெண் வைத்தியர், "எத்தினை நாளா இப்பிடி?" என்றார்.

"மூண்டு நாள். குடிச்சிட்டார் எண்டு நினைச்சம்."

"இவர் குடிக்கேல்லை அம்மா. மலம் ஒழுங்காப் போனதோ?"

எனக்குத் தெரியவில்லை. அலுமாரிக்குப் பின்னால் போத்தல் தேடியவள் அதைக் கேட்டிருக்கவில்லை.

ஈரல் அகற்றவேண்டிய நஞ்சு மூளைக்கு ஏறியிருந்தது. மலம் கட்டினால் அது இன்னும் கூடுமாம். குழறல், தள்ளாட்டம், தூக்கம் எல்லாம் குடிவெறியைப் போலவே இருக்குமாம். நான் ஏலக்காய் என்று நினைத்த இனித்த வாடையும் இந்த நோயின் வாடைதானாம். உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் மணந்து பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே கொண்டுபோங்கள்.

ஆஸ்பத்திரியில் பருக்கிய பாணி மருந்தில் வயிறு இளகி, மெல்லத் தெளிந்தார்.

"என்ரை வாயை மணந்தனீர் என்ன?"

"ஓம்."

"நான் இல்லையெண்டு சொன்னனான்."

"சொன்னனீங்கள்."



இப்போது எங்கள் நாள் இப்படித்தான் தொடங்குகிறது. அவர் இரண்டு கைகளையும் நீட்டி விரல்களை விரிக்கிறார். நஞ்சு ஏறினால் கை தானாகப் படபடக்கும். நான் இருபதுவரை எண்ணுகிறேன். பதினைந்தைத் தாண்டும்போது, நான் நினையாமலே என் முகம் அவர் பக்கம் சாய்கிறது. அவர் அதைக் கவனிக்கிறார். என் பக்கமாக மூச்சை விடுகிறார்.