லோர்னா ஹௌகனின் நெரிக்காத தோட்டாக்கள்

லோர்னா ஹௌகன் மொன்டானாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். தோட்டாக்களைக் கடையில் வாங்கமாட்டாள். கராஜில் தானே செய்வாள். ஆனால் பித்தளைக் கூட்டின் வாயை நெரித்துக் குண்டை இறுக்கமாட்டாள். "நெரிக்கிறவனுக்குத் தன் கைமேல நம்பிக்கை இல்ல" என்று துப்பாக்கிச் சங்கத்தில் இருபது வருடமாகச் சொல்லிவந்தாள். அத்தனை நாள் வைத்திருந்த கருத்தை யாரும் எடுத்துச் சோதிப்பதில்லை.

இந்த வருடம் தோள் அறுவைக்குப் பிறகு கனமான துப்பாக்கியைத் தூக்க முடியவில்லை. அதனால் தோட்டாக்களை அடைக்க அடியில் ஒரு குழல் வைத்த, இலேசான லீவர் துப்பாக்கிக்கு மாறினாள். ஒன்பது வருடம் குலுக்கலில் பெயர் கொடுத்த பிறகு எல்க் மான் வேட்டைக்கு அனுமதிச் சீட்டும் விழுந்திருந்தது. சனிக்கிழமை வேட்டை தொடக்கம்.

"அந்தக் குழல்ல தோட்டா ஒண்ணு பின்னால ஒண்ணு படுத்திருக்கும், லோர்னா. சுடுறப்போ ஒண்ணையொண்ணு இடிக்கும். குண்டு கூட்டுக்குள்ள போயிரும்" என்றான் கணவன் ஆர்டெல்.

"உன் வாயை நெரிச்சா நல்லா இருக்கும்."

ஆனாலும் புதன்கிழமை சுடும் மைதானத்துக்குப் போனாள். ஆறு தோட்டாக்களைக் குழலில் போட்டு மூன்றைச் சுட்டாள். மிச்சத்தை வெளியே எடுத்து அளந்தாள். இரண்டில் குண்டு உள்ளே இறங்கியிருந்தது. அப்படிப்பட்டதைச் சுடுவது ஆபத்து. துப்பாக்கியும் சிக்கிக்கொள்ளலாம், அதுவும் மான் எதிரில் நிற்கும்போது.

வீட்டுக்கு வந்தவள் கராஜில் கூட்டின் வாயை நெரிக்கும் அச்சை இயந்திரத்தில் திருகினாள். கோபத்தில் கூடுகளை ஒரே நீளத்துக்கு வெட்டிக்கொள்ளவில்லை. முதல் கூடே நீளம் கூடியது. வாய் மடங்கி, கழுத்தடியில் புடைத்துக்கொண்டது.

ஆர்டெல் எட்டிப் பார்த்தான். "அடடா, கர்ப்பமா இருக்கே!"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கூட்டை ஒதுக்கி வைத்தாள். காலிக் கூடுகள் எல்லாவற்றையும் அளந்து வெட்டி, வெடிமருந்தும் குண்டும் வைத்து, இருபதை நெரித்து முடித்தாள்.

"சங்கத்துல சொல்லட்டுமா?"

"சொல்லு. ஆனா குழலே இல்லாத உன் போல்ட் துப்பாக்கிக்கு நெரிக்கவே வேண்டாம், இத்தனை வருஷம் நான் வீணா நெரிச்சேன்னும் சேர்த்துச் சொல்லு."

ஆர்டெல் காபி போடப் போய்விட்டான்.

சனிக்கிழமை முதல் குண்டு மானின் முதுகுக்கு மேலே போனது. லீவரை இழுத்தாள்; அடுத்த தோட்டா தடங்கலின்றி ஏறியது. இரண்டாவது குண்டுக்கு மான் நாலடி நடந்து விழுந்தது.

மானின் பின்தொடையைச் சுமந்துகொண்டு சரிவில் இறங்கிய ஆர்டெல் மூச்சு வாங்கக் கேட்டான்: "நெரிக்கச் சொன்னது யாரு?"

"நீதான். பேசாம நட, கறி கனமா இருக்கு."