ஒருநாள் ஓடாத கார்

மலேசியாவில், லாபு பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் மாயாண்டி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் வாங்கிய பழைய டட்சன் கார், பதினெட்டு வருஷத்தில் ஒருமுறைகூட நடுவழியில் நின்றதில்லை. அடைமழையிலும் சாவியைத் திருப்பினால் போதும், உறுமிவிடும். அதற்கு ஆயில் மாற்ற அவர் நாள் தவறமாட்டார். தன் சட்டை கிழிந்தால் மட்டும் அடுத்த தீபாவளிவரை பொறுப்பார். கார்மேல் அப்படி ஒரு பைத்தியம்.

"மண்டோரு காரு ஒரே ஒருநாள்தான் மக்கர் பண்ணுச்சிலா" என்று தோட்டத்தில் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசும். அன்றைக்கும் கார் மக்கர் பண்ணவில்லை. பொய் சொன்னது அவர்தான்.

எழுபத்தொன்பது ஆயுத பூசையன்று மத்தியானம். காருக்கு மாலை, சந்தனம், நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம். பூசையில் வைத்ததை மறுநாள்வரை எடுக்கக்கூடாது. அப்போது பார்த்துப் பக்கத்து வீட்டு நல்லசாமி ஓடிவந்தான்.

"அண்ணே, செல்லத்துக்கு ரத்தமா போவுது. எட்டு மாசம்ணே. சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் காரை எடுங்கண்ணே!"

பூசையில் இருக்கிறது என்று சொல்ல மாயாண்டிக்கு வாய் வரவில்லை. "காலையிலேருந்து ஸ்டார்ட்டே ஆவலடா" என்றார்.

நல்லசாமி நம்பினான். மனைவியை மோட்டார்சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து, புடவையால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, குண்டும் குழியுமான செம்மண் சாலையில் போனான். செல்லம் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. அதற்கப்புறம் அவளுக்குப் பிள்ளையே தங்கவில்லை.

உண்மையில் பூசை பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, அந்த வாரம் போட்ட புது சீட் உறை. அதில் ரத்தம் படுமே என்று நினைத்த அந்த ஒரு கணத்தை மாயாண்டி சாமியிடம்கூடச் சொன்னதில்லை.

பிறகு யார் கூப்பிட்டாலும் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் காரை எடுத்தார். தோட்டமே வாழ்த்தியது. எத்தனை பேரை ஏற்றி என்ன, ஏற்றாதவள் அடுத்த வீட்டிலேயே இருந்தாள். அந்தக் காரில் அவள் கால் வைத்ததே இல்லை.

தொண்ணூற்று மூன்றில், பாரோய் என்ற ஊரில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விட முடிவானது. சொல்லாமல் போனால் கட்டை வேகாது என்று தோன்றியது. நல்லசாமியின் வாசலில் நின்று, சீட் உறை உட்பட எல்லாவற்றையும் கொட்டினார்.

நல்லசாமி வீட்டுக்குள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மறுநா காலையில துணி எடுக்க ஆஸ்பத்திரியிலேருந்து வந்தப்ப, நீங்க வண்டி எடுத்த சத்தம் கேட்டுச்சிண்ணே. அன்னைக்கே தெரியும். அவகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. அவ காரைத் திட்டித்தான் ஆறிக்கிறா. மனுசன்னு தெரிஞ்சா தாங்கமாட்டா."

காப்பியோடு செல்லம் வெளியே வந்தாள். "அந்தச் சனியன் வண்டிய இன்னும் விக்கலியாண்ணே?"

மாயாண்டி காப்பியை வாங்கிக்கொண்டார். மெய்யைச் சொல்லத்தான் வந்திருந்தார்.

"வித்துருறேம்மா" என்றார். "நம்ப முடியாத வண்டி அது."