கவுனோடு கூடவே வந்த ஸ்கேனர் அக்கா

எங்கள் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுக்கு நாலைந்து நாள் இருக்கும்போதுதான் அவரை முதலில் பார்த்தேன். விழா மண்டபத்துக்குப் பின்னால் நீளமாக ஓர் அறை உண்டு. மற்ற நாட்களில் கால் உடைந்த நாற்காலிகள் கிடக்கும். விழா மாதத்தில் மட்டும் அது அங்கி அறை. கதவைத் தள்ளியதும் பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறியது. கவுன் என்று எல்லோரும் சொல்லும் கருப்பு அங்கிகள் கம்பிகளில் தோளோடு தோள் உரசித் தொங்கின. இஸ்திரிப் பெட்டியின் ஆவிக்கு நடுவே, கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு ஒரு பெண்மணி நின்றிருந்தார். நாற்பதைத் தாண்டியவர். என்னைக் காலிலிருந்து தலைவரை ஒருமுறை பார்த்தார். போதவில்லை போலிருக்கிறது, தலையிலிருந்து காலுக்கும் ஒருமுறை பார்த்தார். மாணவர்கள் அவருக்கு 'ஸ்கேனர்' என்று சும்மா பேர் வைக்கவில்லை.

"என்ன படிச்சே?"

"இயற்பியல்க்கா."

"கூட யாரு வந்திருக்கா?"

"யாரும் வரல."

"ம்." கையை நீட்டச் சொல்லி அளவு எடுத்தார். எடுத்துக்கொண்டே, "என்ன படிச்சேன்னு சொன்னே?" என்றார்.

"இயற்பியல்."

"உங்க டிபார்ட்மென்ட்ல குடிதண்ணி குழாய் எங்க இருக்கு?"

"மாடிப்படிக்குக் கீழ. ஆனா அதுல தண்ணி வராதுக்கா."

அப்போதுதான் முகம் கொஞ்சம் இளகியது. "சரி, நீ இங்க படிச்சவன்தான். வெளியாளா இருந்தா குழாய் இருக்கிற இடத்தை மட்டும் சொல்லுவான்."

அவர் பயப்பட்டதற்குக் காரணம் இருந்தது. படிப்பைப் பாதியில் விட்டவர்கள், சேரவே சேராதவர்கள் எல்லாம் நண்பனின் அங்கியை வாங்கி மாட்டிக்கொண்டு, பின் தெருவில் இருக்கும் ஸ்டுடியோவில் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அதனால் விழா நாள் காலைக்கு முன்னால் ஒரு அங்கிகூட அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது, விழா முடிந்ததும் மண்டபத்திலேயே கழற்றித் தந்துவிட வேண்டும் என்பது அக்காவின் சட்டம்.

எனக்கு வேண்டியிருந்ததோ ஓர் அங்கியை வெளியே கொண்டுபோவதுதான்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் வீடு நம்ப வேண்டுமே. எங்கள் ஊர் மளிகைக்கடைக்காரர் மகன் இன்ஜினியர் என்று சொல்லி, கல்யாணம் வரை போய், கடைசியில் அவன் முதல் வருடத்தோடு நின்றுவிட்டவன் என்று தெரிந்தது. அன்றிலிருந்து பெரியப்பாவுக்கு என் மேல் ஒரு கண். "சர்டிபிகேட்டெல்லாம் இப்ப கடையில அடிச்சுத் தர்றான். மேடையில ஏறுறதை நேர்ல பார்த்தா நம்பு," என்று அம்மாவிடம் ஓதிக்கொண்டே இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா என்ன செய்வாள்? என்னை நம்பவில்லை என்று சொல்ல முடியாது. நம்பினாள் என்றும் சொல்ல முடியாது. நேரில் பார்க்கத்தான் முன்கூட்டியே கிளம்பி நகரத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்கு வந்தாள். வந்த மறுநாளே குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. விழாவுக்கு வர முடியாது.

"மேடை போச்சு. அந்த உடுப்போடயாவது ஒருதரம் வந்து நில்லுடா," என்று அம்மா சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். ஊருக்குத் திரும்பி அவள் பெரியப்பாவிடம் என்ன சொல்வாள் என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

எல்லாவற்றையும் அக்காவிடம் கொட்டினேன். ஒரு மணி நேரத்தில் திருப்பித் தருகிறேன் என்றேன்.

"எல்லாருக்கும் ஒரு அம்மா. எல்லா அம்மாவுக்கும் ஒரு கால். வருஷா வருஷம் கேக்கிறேன்."

"சத்தியமாக்கா. இரண்டாவது மாடியில இருக்காங்க, இறங்க முடியாது."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு யோசித்தார். "சரி. கவுன் வரும். கூட நானும் வருவேன். அந்தக் காலை நான் பார்த்தாகணும்."

இரண்டு நாள் கழித்து, வாசல் காவலர் கேட்டதற்கு "ஆல்ட்டரேஷன்" என்று ஒற்றை வார்த்தையில் சொல்லிவிட்டு என்னோடு பஸ் ஏறினார். அங்கியை மடித்து மடியில் வைத்து, கைப்பிள்ளையைப் பிடித்ததுபோலப் பிடித்திருந்தார். நான் தூக்கிக்கொள்கிறேன் என்றதற்கு ஒரு பார்வை கிடைத்தது. "இந்த பஸ் ஸ்டுடியோ தெரு வழியா போகுமா?" என்று நடுவில் ஒருமுறை கேட்டார். போகாது என்றேன். பக்கத்து சீட்டுக்காரரிடமும் அதையே கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

சித்தி வேலைக்குப் போயிருந்தாள். அம்மா ஜன்னலோரக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அக்கா உள்ளே வந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேராகக் கட்டில்பக்கம் போய் மாவுக்கட்டை விரலால் மெல்லத் தட்டிப் பார்த்தார்.

"என்ன, கதவா தட்டுறீங்க?" என்றாள் அம்மா.

அக்காவுக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. "இல்லக்கா. நிஜக் கட்டான்னு பார்த்தேன்."

அம்மா என்னைக் கிட்டே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தினாலும் அந்த அறைக்கு அது போதுமான சத்தம். "யாருடா இது? ஏதாவது வம்புல மாட்டிக்கிட்டியா? எதுக்குக் காவலோட வர்றே?"

"கவுன் அறை அக்காம்மா. கவுனை வெளிய விட மாட்டாங்க. அதான் கூட வந்திருக்காங்க."

"உன்னை நம்பி ஒரு துணியைக்கூடக் குடுக்க மாட்டாங்களா?"

அங்கியை மாட்டிக்கொண்டு நின்றேன். தோளில் விழும் மஞ்சள் துணியை அக்கா இழுத்துச் சரிசெய்தார். ஹூட் என்பார்கள் அதை. படிப்புக்குப் படிப்பு நிறம் மாறும். அம்மா வெகுநேரம் பார்த்தாள். கண் கலங்கும் என்று நினைத்தேன். கலங்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா சினிமாவுல போலீஸ் டிரஸ் போடுறவன் எல்லாம் போலீஸா?" என்று சொல்லிவிட்டு அக்காவிடம் திரும்பினாள். "ஏம்மா, நீ அங்கேயே வேலை பார்க்கிறவ. இவன் நிஜமாவே பாஸ் பண்ணிட்டானா?"

மூணு வருடப் படிப்பு, முந்தாநாள் பார்த்த ஓர் ஆளின் வாயில் வந்து நின்றது.

"நான் யாரையும் லேசுல நம்ப மாட்டேன்க்கா," என்றார் அக்கா. "இவனையும் நம்பல. துறை ஆபீஸ்ல போய்க் கேட்டேன். வாத்தியாருகிட்டயும் கேட்டேன். அப்புறமும் மனசு ஆறல, அதான் உங்க காலைப் பார்க்க வந்தேன். பாஸ் பண்ணிட்டான். அந்த மஞ்சள் அவனோடதுதான்."

இவ்வளவு விசாரணை நடந்தது எனக்கே அப்போதுதான் தெரியும்.

அம்மாவின் முகம் மெல்ல மாறியது. "ஏம்மா இவ்வளவு சந்தேகம் உனக்கு?"

"வீட்டுல ஒருத்தனை நம்பினேன்."

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். அவருடைய தம்பி வக்கீலுக்குப் படிக்கிறான் என்று இவருடைய படிப்பைப் பத்தோடு நிறுத்திவிட்டார்கள். பட்டம் வாங்கிவிட்டேன் என்று அவன் அங்கி போட்ட போட்டோ அனுப்பினான். வெளியூரில் பெரிய ஆபீஸ் என்றான். அந்தப் போட்டோவைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் இவர் அங்கி அறை வேலைக்கே வந்தார். சேர்ந்த முதல் வாரம் நிறங்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். சட்டத்துக்குக் கருஞ்சிவப்பு. விவசாயத்துக்குப் பச்சை.

"போட்டோல பச்சைக்கா."



"உங்கம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள் அம்மா.

"தெரியாது. நான் சொல்லல. தினமும் காலையில அந்தப் போட்டோவைத் துடைக்கிறாங்க."

அம்மா மாவுக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "தெரியாதுன்னு நீ நினைச்சுக்கிட்டிருக்கே."

அக்கா சட்டென்று எழுந்து, நான் கழற்றிய அங்கியை வாங்கி உதறி மடிக்க ஆரம்பித்தார். அந்த ஒரு அங்கியை மடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. நாங்கள் படியிறங்கும்போதே மேலே அம்மா போனில் பெரியப்பாவிடம் பேசும் சத்தம் கேட்டது. "மேடை என்ன மேடை? போலீஸ் மாதிரி ஒரு பொம்பளை வந்து, என் கால் வரைக்கும் சோதிச்சுட்டுப் போகுது. அவளே சொல்லிட்டா, பாஸ்னு. இனிமே ஏதாவது பேசினீங்கன்னா பாருங்க."

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னல்பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். நிறுத்தம் நெருங்கும்போது, என்னிடம் இல்லை, தனக்குத்தானே சொல்வதுபோல, "கல்யாண வீட்டுல யாராவது தம்பியைப் பத்திக் கேட்டா எங்கம்மா உடனே பேச்சை மாத்திடுவாங்க," என்றார். விழா நாளில் வரிசையில் நிற்கும்போது என் ஹூட்டைச் சரிசெய்துவிட்டு, வழக்கம்போல மேலும் கீழும் ஒருமுறை பார்த்து அனுப்பிவைத்தார். போட்டோவைப் பற்றித் தன் அம்மாவிடம் கேட்டாரா என்று விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வருடம் அங்கி வேலையை வெளியார் ஒருவரிடம் கொடுத்துவிட்டார்கள். அக்கா இப்போது அதே பல்கலைக்கழகத்தின் நூலக வாசலில் பை சோதிக்கும் வேலையில் இருக்கிறார். தன் அம்மாவோடுதான் இருக்கிறார்.