வெள்ளைத் துணி விரித்த இடம்

வேதசிரோமணிக்குப் பாம்பு என்றால் குலை நடுங்கும். அஸ்தினாபுரம் வீட்டில் தோட்டக் குழாய் சுருண்டு கிடந்தால்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவார். அப்படிப்பட்ட மனிதரைக் காடு அளக்கும் ஆபீசில் சர்வேயராகப் போட்ட புண்ணியவான் யாரோ தெரியவில்லை.

1988-இல் அந்த ஆபீஸ், விமானத்திலிருந்து காட்டைப் பார்க்க இரண்டு கருவிகளைச் சோதித்தது. ஒன்று, பச்சை இலையைச் சிவப்பாகக் காட்டும் பிலிம் போட்ட கேமரா. மற்றது ஸ்கேனர், அது காட்டைக் கட்டம் கட்டமாகக் காட்டும். எது மேல் என்று ஒப்பிட, நன்மங்கலம் காட்டின் நடுவில் வெள்ளைத் துணிகளைச் சிலுவை போல விரித்து, சுற்றியுள்ள மரங்களை எண்ணி வரவேண்டும். அது இவர் வேலை.

காட்டுக்குள் பத்தடி வைத்ததும் புதரில் ஏதோ சரசரத்தது. ஓணானாக இருந்திருக்கலாம். இவர் நின்று பார்க்கவில்லை. ரோட்டோரத்திலேயே துணியை விரித்து, அங்கிருந்த மரங்களை எண்ணி, நடுக்காடு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவ்வளவு உயரத்திலிருந்து யாருக்கு என்ன தெரியப்போகிறது?

துணி விரிப்பதே மேலிருந்து தெரிவதற்குத்தானே என்பது மூன்றாம் நாள், விமானம் பறந்து முடிந்த பிறகு, சாப்பிடும்போதுதான் உறைத்தது. பிசைந்த சோறு கையிலேயே நின்றது. வேலை போய்விடும். மனைவி தபீதாளிடம்கூடச் சொல்லப் பயமாக இருந்தது.

முதலில் ஸ்கேனர் படம் வந்தது. ஒவ்வொரு கட்டமும் துணியைவிடப் பெரியது; அதில் துணியே தெரியவில்லை.

"ஸ்கேனரே போதும் சார். கேமரா வேஸ்ட்," என்றார், யாரும் கேட்காமலே.

கேமரா படமும் வரட்டும் என்றார் அதிகாரி அரிகிருஷ்ணன். மறுநாள் வந்த கேமரா படத்தின்மேல் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தார்.

"ரோட்டோரமா வெள்ளையா தெரியுதே, என்னங்க அது?"

இனி மறைக்க முடியாது என்று வேதசிரோமணிக்குத் தெரிந்துவிட்டது. "துணி சார். நான் உள்ளே போகலை. பாம்புன்னா பயம்."

அரிகிருஷ்ணன் திட்டவில்லை, அதுதான் இன்னும் கிலியாக இருந்தது. ரிப்போர்ட் தாளை இவர் பக்கம் தள்ளினார்.

"கேமராவோட சிறப்புன்னு ஒரு தலைப்பு இருக்கு பாருங்க. நடந்ததை அங்க உங்க கையாலயே எழுதுங்க. வெள்ளிக்கிழமை பிளேன் திரும்பப் பறக்குது. துணி நடுக்காட்டுல இருக்கணும்."

வெள்ளிக்கிழமை பேண்ட்டைச் சாக்சுக்குள் செருகிக்கொண்டு, அடிக்கு ஒருமுறை செத்துப் பிழைத்து, நடுக்காட்டுக்கே போய்த் துணியை விரித்தார். விமானச் சத்தம் கேட்டது. சாட்சிக்குத் துணி மட்டும் போதாது என்று தோன்றியதோ என்னவோ, தானும் அதன்மேல் ஏறி நின்று, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.