முடி வெட்டுகிற மாதிரி ஒரு வெட்டு

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கும் உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி தெருவுக்கும் கடைக்காரர்களுக்கும், ஏன், தாலி கட்டிய கணவனுக்கும்கூட அவள் ‘கவாத்து’தான். விவசாயப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரத்தில் வந்து ஒட்டிக்கொண்ட பெயர். அதற்கு அவளே காரணம், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

அவள் அப்பா போலீஸ் ஏட்டு. அந்த வீட்டில் கவாத்து என்றால் ஒரே அர்த்தம்: விடியற்காலையில் மைதானத்தில் வரிசை கட்டி நின்று, இடது வலது என்று மிதித்து நடப்பது. விவசாயப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ‘நாளை காலை கவாத்துப் பயிற்சி, அனைவரும் வரவும்’ என்று எழுதிப் போட்டதும் அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இங்கேயும் நம்ம ஆட்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ராத்திரியே வெள்ளைக் கேன்வாஸ் ஷூவைத் துவைத்துக் காய வைத்தாள். விடிந்ததும் விளையாட்டு மைதானத்தின் நடுவில் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. மற்ற பிள்ளைகள் எல்லாரும் கையில் கத்தரியோடு பழத்தோட்டத்தில் நின்றிருந்தார்கள். வருகைப் பதிவில் ஒருத்தி குறைகிறாளே என்று தேடிக்கொண்டு வந்த தோட்டக்கலை ஆசிரியருக்கு அவள் ஒரு சல்யூட்டே வைத்துவிட்டாள்.

“இங்க என்னம்மா பண்றே?”

“கவாத்துக்கு வந்தேன் சார்!”

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “அது இந்தக் கவாத்து இல்லம்மா. கிளை வெட்டுறது” என்று சொல்லி, கத்தரி ஒன்றைக் கையில் கொடுத்து அழைத்துக்கொண்டு போனார். ஷூவும் சல்யூட்டும் மதியச் சாப்பாட்டுக்குள் விடுதி முழுக்கப் பரவிவிட்டன.

வேறு ஒருத்தியாக இருந்தால் அன்று சாயங்காலமே மூட்டையைக் கட்டியிருப்பாள். இவள் மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தாள். அதோடு, கத்தரி அவள் கையில் அப்படியே உட்கார்ந்துகொண்டது. மொட்டுக்குக் கொஞ்சம் மேலே, சாய்வாக, ஒரே வெட்டு. பால் கறக்கப் போனால் மாடு உதைத்தது. டிராக்டரை ஓட்டிக்கொண்டு போய் வாய்க்காலில் இறக்கினாள். ஆனால் வெட்டுகிற வேலை என்றால் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பள்ளி முதல்வர் வீட்டு ரோஜாச் செடியைக்கூட யாரும் கேட்காமலேயே வெட்டிவிட்டாள். அது அந்த வருஷம் பூத்துத் தள்ளியதால் தப்பித்தாள்.

விடுதி அறையில் அவளுக்குத் தோழி ஒருத்தி. கொண்டுபோய்ப் போட்ட இடத்தில் கிடந்து தூங்குவாள் என்பதால் ‘உரமூட்டை’ என்று பெயர். பிற்பாடு அவள் நிஜமாகவே உரக்கடை வைத்தாள். பெயருக்கு ஏற்ற தொழில் எல்லாருக்கும் அமைந்துவிடுமா?

கவாத்துக்குப் பெயரும் தொழிலும் மட்டுமல்ல, புருஷனும் அந்த வழியாகவேதான் அமைந்தான். படிப்பு முடித்து ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, நீளமான ரம்பத்தோடு பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் தடுத்தான். “இதையெல்லாம் ஏத்தக் கூடாதும்மா. யாரையாவது கிழிச்சிடும்.” அவள் இறங்க மாட்டேன் என்றாள். “அப்படின்னா அதுக்கும் ஒரு டிக்கெட் எடு” என்று அவன் கடுப்பில் சொல்ல, அவள் ரம்பத்துக்கும் டிக்கெட் எடுத்து, அதைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு போனாள். அந்த வருஷமே கல்யாணம் முடிந்தது.

கண்டக்டர் வீட்டுக்குப் பின்னால் கொய்யாத் தோட்டம். நாற்பதுக்குக் குறையாத மரங்கள். புருஷன் போன பிறகு மாமியார் தன் கையால் கன்று நட்டு, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து, அந்தப் பழத்தை விற்றே மகனையும் மகளையும் ஆளாக்கியிருந்தாள். ஒரு மரத்தில்கூட யாரும் கத்தி வைத்தது கிடையாது. மரங்கள் தம் இஷ்டத்துக்கு உயர்ந்து கூரையைத் தாண்டிப் போய்விட்டன. காய்ப்பதெல்லாம் உச்சியில். பாதி கிளிக்கு, கால்வாசி வௌவாலுக்கு, மிச்சம் மாமியாருக்கு. அந்த மிச்சத்துக்காக அந்தம்மா அறுபது தாண்டிய வயதில் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு மரம் ஏறுவாள். கீழே மருமகள் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வருவாள்.

ஒரு நாள் கால் வைத்த கிளை முறிந்தது. மாமியார் இரண்டு கையாலும் மேல்கிளையைப் பிடித்துத் தொங்கி, ஒரு வழியாக இறங்கி வந்து, “காத்து கொஞ்சம் ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்று ஒரு இலைகூட அசையவில்லை.

கவாத்துக்குத் தாய் கிடையாது. விவரம் தெரிவதற்குள் போய்விட்டாள். ‘தலையைத் துவட்டு, ஈரத்தோட நிக்காதே, சாப்பிட்ட தட்டை அப்படியே வெச்சுட்டுப் போறியே’ என்று நாள் பூராவும் தன்னைத் திட்ட ஒரு ஆள் கிடைத்ததே அவளுக்குப் பெரிய சொத்து. அந்த ஆள் மரத்திலிருந்து விழுந்தால் அவள் என்ன ஆவாள்? அதனால் விடாமல் கெஞ்சினாள். “அத்தை, கொய்யாவை வெட்டி விட்டா புதுசாத் துளுக்கும். புதுத் துளிர்லதான் காய்க்கும். நீங்க நின்ன இடத்துலேயே பறிக்கலாம்.”

“மரத்துல கை வெச்சியோ, அப்புறம் தெரியும் சேதி” என்பாள் மாமியார்.

மகளுக்குப் பிரசவம் என்று மாமியார் வெளியூர் கிளம்பினாள். பஸ் நிலையம் வரை மருமகள் நச்சரித்துக்கொண்டே போனாள். பஸ் நகரும்போது அந்தம்மா ஜன்னல் வழியாக, “சரி சரி, உயிரை வாங்காதே! முடி வெட்டற மாதிரி ஒரு வெட்டு வெட்டி விடு” என்று சொன்னாள்.

அந்தம்மா மனதில் முடி வெட்டுவது என்றால் பின்னல் நுனியில் இரண்டு விரல் கிள்ளுவது. ஏட்டு வீட்டில் முடி வெட்டுவது என்றால் வேறு. தாயில்லாத பிள்ளைகளுக்குப் பேன் பார்க்கவும் பின்னிவிடவும் ஆளில்லாததால், ஏட்டு ஞாயிறுதோறும் மூன்று பிள்ளைகளையும் வரிசையாக உட்கார வைத்து, காது தெரிய, பிடரி தெரிய, ஒட்ட வெட்டிவிடுவார். கவாத்து அறிந்த முடிவெட்டு அது ஒன்றுதான்.

கூலிக்கு இரண்டு ஆள் வைத்துக்கொண்டு, அத்தனை மரத்தையும் இடுப்பு உயரத்துக்கு அறுத்துத் தள்ளினாள்.

பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு திரும்பி வந்த மாமியார் நேராகக் கொல்லைக் கதவைத் திறந்தாள். கையிலிருந்த பை கீழே விழுந்தது.

“மரமெல்லாம் எங்கே?”

“நீங்கதானே அத்தை சொன்னீங்க, முடி வெட்டற மாதிரின்னு...”

“யார் முடியை?” என்றாள் மாமியார்.

அதற்குப் பிறகு மருமகளிடம் அவள் பேசவே இல்லை. பேச்சு நின்றதே தவிர வாய் நிற்கவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் அடுப்புக்குச் சொன்னாள், கதவுக்குச் சொன்னாள், எங்கிருந்தோ வந்துபோகும் பூனைக்குச் சொன்னாள். “உனக்குப் பால் வெக்கணும்னு இந்த வீட்டுல யாருக்காவது தோணுதா பாரு” என்று பூனையிடம் கேட்டால், மருமகள் ஓடிப்போய்ப் பால் வைப்பாள். நடுவில் அகப்பட்டவன் மகன். “பஸ்லயும் நான்தான் கண்டக்டர், வீட்லயும் நான்தான் கண்டக்டரா? ரெண்டு பேரும் என்கிட்டயே டிக்கெட் கேட்டா நான் எங்க போவேன்?” என்று அவன் கையை விரித்தான்.

சிரிப்பாகத்தான் இருந்தது, ஒரு நாள் மாமியார் மகனைக் கூப்பிட்டு அந்தப் பேச்சை எடுக்கும்வரை. “இந்த மழைக்குப் பிறகும் காய்க்கலைன்னா நான் மக வீட்டோட போயிடுறேன்டா. இந்த மொட்டைங்களைப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது.” சமையலறையில் நின்ற கவாத்துக்கு அது கேட்டது. கேட்கட்டும் என்றுதான் அந்தம்மாவும் சொன்னாள். அன்றுதான் அவளுக்கு முதல் தடவையாக, வெட்டியது தப்போ என்று பயம் வந்தது.

உரமூட்டைக்குப் போன் போட்டாள். கடையை மூடிவிட்டு வந்த உரமூட்டை, தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“உயரம் சரிதான்டி. ஆனா வெயில்ல வெட்டி வெச்சிருக்கியே! இத்தனை நாள் நிழல்ல இருந்த பட்டை. வெந்து வெடிச்சிடும். வெட்டுவாய்க்குப் பசை பூசினியா?”

“மறந்துட்டேன்.”

“ரோஜாச் செடின்னு நெனச்சியாடி?”

இரண்டு பேருமாகச் சேர்ந்து மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்து வெட்டுவாயெல்லாம் பூசினார்கள். அடிமரத்துக்கு வெள்ளையடித்தார்கள். முடித்துவிட்டுப் பார்த்தால், தோட்டம் முழுக்க வெள்ளைச் சட்டை போட்ட கட்டையான ஆட்கள் வரிசையில் நிற்கிற மாதிரி இருந்தது. “உங்கப்பா பாத்தா சல்யூட் வாங்கிட்டுப் போவாரு” என்று உரமூட்டை சொல்ல, பயத்தையும் மீறி இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். “செத்ததுக்கு வெள்ளை வேற அடிக்கிறாங்க” என்றாள் மாமியார் கதவிடம்.

கிளம்பும்போது உரமூட்டை கொல்லைப்படியில் மாமியார் பக்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்தாள். “அம்மா, விடுதிக்கு வந்தப்போ அவளுக்குப் பின்னல் போடத் தெரியாது. நான்தான் சொல்லிக் குடுத்தேன். அவங்கப்பா வெட்டுற போலீஸ் கிராப்பைத் தவிர அவ வேற எதையும் பாத்ததில்ல. நீங்க முடின்னதும் அவ அதைத்தான் நெனச்சிருப்பா.” அன்று முழுக்க மாமியார் பூனையிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு விஷயம் நடந்தது. காலையில் தண்ணீர் விடப் போனால் சில மரங்களின் அடி ஏற்கெனவே நனைந்திருந்தது. மண்ணில் குதிகால் அழுந்திய தடம். கண்டக்டருக்கு அந்த நேரத்தில் எழுகிற வழக்கம் கிடையாது. கவாத்து யாரையும் கேட்கவில்லை. மிச்ச மரங்களுக்கு மட்டும் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாள்.

முதல் மழையில் ஒரு கட்டையின் பட்டையைக் கீறிக்கொண்டு அரிசி அளவுக்குச் சிவப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது. மறுநாள் பக்கத்து மரத்தில். பிறகு எண்ண முடியவில்லை, குப்பென்று கிளம்பின. கவாத்து ஒவ்வொரு மரத்திலும் நாலைந்து துளிரை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளி எறிந்தாள். அவை நீண்டு, இலை விட்டு, வெள்ளைப் பூ வைத்து, பிஞ்சு பிடித்தன. மூன்று மரம் மட்டும் துளிர்க்கவில்லை. பட்டை வெடித்துக் காய்ந்துவிட்டது. அதில் ஒன்று கிணற்றோரம் இருந்த சிவப்புக் கொய்யா, மாமியாருக்கு உயிர். கவாத்து அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

முதல் பழம் மஞ்சள் தட்டிய அன்று காலை, அவள் கொல்லை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். மாமியார் தோட்டத்துக்குள் போவது தெரிந்தது. புடவையை வரிந்து கட்டவில்லை. கையை உயர்த்தக்கூட இல்லை. நின்ற இடத்தில் நின்று, இடுப்புக்கு நேராக இருந்த பழத்தைப் பறித்து, துடைத்து, கடித்தாள். கடித்துக்கொண்டே வரிசை வரிசையாக நடந்தாள். கிணற்றோரம் போனதும் நின்றாள்.

“ஏண்டி! இங்க வா!”

கவாத்து துடைப்பத்தோடு அப்படியே நின்றாள். பூனையைக் கூப்பிடுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தாள்.

“உன்னைத்தாண்டி! காது கேக்கலையா?”

ஓடினாள். மாமியார் பிடி பிடி என்று பிடித்துவிட்டாள். வெயிலில் எவளாவது வெட்டுவாளா, பசை பூச மறக்கிறவள் என்ன பள்ளிக்கூடத்தில் படித்தாள், இந்த மரத்துக்கு எத்தனை குடம் சுமந்தேன் தெரியுமா, சொன்னது புரியவில்லை என்றால் வாயைத் திறந்து கேட்கக் கூடாதா. அத்தனை மாதமாக அடுப்புக்கும் கதவுக்கும் போனதெல்லாம் மொத்தமாக, முகத்துக்கு நேராக வந்தது. கவாத்து அழுதாள். அழுதுகொண்டே அவளுக்குச் சிரிப்பும் வந்தது. அதற்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது.

“பல்லைக் காட்டாதே. போய் மூணு கன்னு வாங்கிட்டு வா. உன் கையால நடு. தண்ணி சுமந்து நீயே வளர்த்து விடு. நாளைக்கு உனக்கும் ஒரு மருமக வருவா. அவ வந்து கட்டையா அறுத்துப் போடட்டும். அன்னைக்கு நான் இந்தப் படியில உக்காந்து பாத்துச் சிரிக்கணும்.”

“சரி அத்தை” என்றாள் அவள்.