கதாநாயகியின் பத்து விரல்கள்

அந்தப் படத்தின் கதாநாயகி கம்ப்யூட்டர் திருடி. இருட்டு அறையிலும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பாள். ஓடும் ரயிலின் கூரையில் உட்கார்ந்து பதினோரு நொடி தட்டினால் ஒரு நாட்டின் ராணுவமே படுத்துவிடும். காதில் பூச்சுற்றுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா? ஆனால் பார்க்க அவ்வளவு அழகு. தட்டுகிற விரல்கள் மட்டும் அவளுடையவை அல்ல. வக்கீல் ஆபீசில் பதினெட்டு வருஷமாக டைப் அடிக்கும் ஒரு பெண்ணுடையவை.

நாயகிக்கு ஒற்றை விரலால்தான் தட்டத் தெரியும். அதனால் டைப்பிஸ்டைக் கூட்டி வந்து, நகத்துக்குக் கறுப்புச் சாயம் பூசி உட்கார வைத்தார்கள்.

"என்ன அடிக்கணும் சார்?"

"எதையாவது அடிங்கம்மா, வேகமா இருந்தாப் போதும். ஸ்க்ரீன்ல நாங்க பச்சை நம்பரா ஓட விட்டுடுவோம்," என்றார் டைரக்டர்.

எதையாவது என்றால்? டைப்பிஸ்டுக்கு அது மட்டும் வராது. யாராவது சொல்ல வேண்டும், காதில் விழுந்தது கையில் இறங்க வேண்டும். நடுவில் மனசுக்கு வேலையே கிடையாது. ஏழு வருஷத்துக்கு முன்னால் அக்கா மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போனபோதும் அப்படித்தான். அப்பா அறைக்குள் நடந்துகொண்டே சொல்லச் சொல்ல, 'இனி இந்த வீட்டு வாசலை மிதிக்காதே' என்ற கடிதத்தை இவள் அடித்துக் கொடுத்தாள். அக்கா மிதிக்கவில்லை. அப்பா செத்தபோதுகூட வரவில்லை. எங்கே இருக்கிறாள் என்றே தெரியவில்லை.

கேமரா ஓடியது. சொல்ல ஆள் இல்லை. விரல்கள் தாமாகவே புறப்பட்டன: 'அக்கா, அதை நான் அடித்திருக்கக் கூடாது. வீடு வெறிச்சென்று கிடக்கிறது. வந்துவிடு.' ஒன்பது டேக். ஒன்பது தடவையும் அதே கடிதம். டைரக்டர் கைதட்டினார்.

அக்காவுக்கு அடிதடிப் படம் என்றால் உயிர், ஒன்றையும் விட்டுவைக்க மாட்டாள். எந்த ஊரிலாவது பார்ப்பாள் என்று இவளுக்கு ஒரு நப்பாசை. படம் வந்ததும் நாலு தடவை தியேட்டருக்குப் போனாள். திரையில் பச்சை எண்கள்தான் கொட்டின. எல்லாரும் விசிலடிக்க, இவளுக்கு மட்டும் அழுகை முட்டியது. ஏங்கி ஏங்கியே ஒரு மாதம் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுப் போன் அடித்தது.

"அந்தக் கை உன்னுதுதானே?"

அக்கா! "எப்படிக்கா தெரிஞ்சுது?"

"ஒரே போர்வைக்குள்ள வளர்ந்தோம், உன் கை எனக்குத் தெரியாதா? என்னடி அவ்வளவு வேகமா அடிச்சே?"

"உனக்கு ஒரு லெட்டர்."

அதை முழுதாக வாய்விட்டுச் சொன்னாள்.

"அந்தப் பழைய லெட்டர் இன்னும் எங்கிட்டதான் இருக்கு," என்றாள் அக்கா. "அப்பா திட்டினது எப்பவோ ஆறிப்போச்சு. ஆனா ரெண்டு பக்கத்துலயும் ஒரு எழுத்து தப்பில்ல. ஒரு எடத்துலயாவது உன் கை நடுங்கியிருக்கக் கூடாதாடி?"

அக்கா போனை வைக்கவில்லை. இவளும் வைக்கவில்லை.